நாலு விரல் மாவு

2004 என்று நினைக்கிறேன், 2005 ஆகவும் இருக்கலாம். மழைக்காலம் என்பது மட்டும் நிச்சயம். அப்போது நான் கீழ்க்கட்டளையில் ஒரு காரவகைத் தயாரிப்புக் கூடத்தில் ஸ்டோர் பொறுப்பாளராக இருந்தேன்.

பெரிய கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஷெட், நான்கு அடுப்பு, பத்துப் பன்னிரண்டு பேர், அவ்வளவுதான். காராசேவு, ஓமப்பொடி, மிக்சர் எல்லாம் போட்டு, பாக்கெட் கட்டி, தாம்பரம் கடைகளுக்கும் காட்டாங்குளத்தூர் ஹாஸ்டல் கேன்டீன்களுக்கும் அனுப்புவோம். முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

பாய் என்னை வேலைக்கு எடுத்ததே சரக்கு வீணாவதைக் குறைக்கத்தான். எனக்கு முன்னால் இருந்தவர் புது மூட்டையை முன்னால் அடுக்கி, அதையே முதலில் பிரித்துவிடுவாராம். பழைய மூட்டை சுவரோரம் கிடந்து பூச்சி பிடிக்கும். நான் ஒவ்வொரு மூட்டையிலும் அது வந்த தேதியைச் சாக்பீஸால் எழுதினேன். ‘முதலில் வந்தது முதலில் போக வேண்டும்’ என்று அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மாதத்துக்கு மொத்தமாக வாங்குவதை நிறுத்தி, வாரா வாரம் வாங்க வைத்தேன். இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காகப் போனது. தலைக்கனமும் கொஞ்சம் ஏறியது என்று ஒப்புக்கொள்கிறேன்.

மழை ஆரம்பித்ததும் கடலைமாவில் வண்டு வந்தது. மூட்டையில் இல்லை, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்த பெரிய நீல டிரம்மில். டிரம்மிலிருந்த மாவை அள்ளி ஒதுக்கினோம். அடுத்த வாரம் புது மாவு கொட்டினோம், அதிலும் வந்தது. காராசேவில் சிக்கு வாடை அடிக்கிறது என்று கடைகளிலிருந்து பாக்கெட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. கெட்டுப்போன மாவை எல்லாம் திருநீர்மலையிலிருந்து ஒரு மாட்டுக்காரர் சைக்கிளில் வந்து வாங்கிப் போவார். அந்த வட்டாரத்திலேயே நன்றாகச் சாப்பிட்ட மாடுகள் அவருடையவையாகத்தான் இருக்கும்.

பாய் என்னைக் கூப்பிட்டார். “மூட்டையில கெடல. அடுப்புலயும் கெடல. நடுவுல எங்கேயோ கெடுது. யார் கையில கெடுதுன்னு பார்த்துச் சொல்லு” என்றார்.

நடுவில் இருந்தது ஒரே ஒருவர்தான். மாவைச் சலித்து டிரம்மில் கொட்டி, அடுப்படிக்கு அளந்து கொடுக்கும் அக்கா. அக்கா என்று கூப்பிட்டாலும் அவருக்கும் என் வயதுதான் இருக்கும். கணவர் ஓட்டிய லோடு ஆட்டோ பாதி நாள் ஓடாது. இரண்டு பிள்ளைகளும் அக்காவின் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் போய் அவரிடம் கேட்டேன். கேட்டேன் என்பதைவிட அதட்டினேன் என்பதுதான் சரி. “சலிக்கிறீங்களா இல்லையா? மூடியை ஒழுங்கா மூடறீங்களா?”

“சலிச்சிக்கினுதான் கீறேன் சார். அடியில பழசு...” என்று ஆரம்பித்தார்.

நான் சுவரில் இருந்த அட்டையைக் காட்டி, “இதைப் படிச்சீங்களா?” என்றேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். நானும் விஷயம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

பாயிடம் போய், அந்த அக்காவின் கவனக்குறைவுதான் காரணம், ஆளை மாற்றினால் சரியாகிவிடும் என்று சொன்னேன். பாய்க்கு மனமில்லை. ஆனாலும் அடுத்த டிரம்மும் கெட்டால் கேன்டீன் ஆர்டர் போய்விடும் என்ற பயம் அவருக்கு. சனிக்கிழமையோடு நிறுத்திவிடலாம் என்றார். அதை அக்காவிடம் சொல்லும் வேலையும் எனக்குத்தான் வந்தது. அவர் அழவில்லை, சண்டை போடவில்லை. “சரி சார்” என்று சொல்லிவிட்டு மறுபடி சல்லடையை எடுத்துக்கொண்டார். எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம், அடுப்பெல்லாம் அணைத்த பிறகு, ஸ்டோரில் நானும் அவரும்தான் இருந்தோம். அக்கா ஈரத்துணியோடு வந்தார். “வேற ஆளு வரப்போவுது. சுத்தமா தொடச்சி வெச்சிட்டுப் போறேன்” என்று டிரம்மைச் சாய்த்து, தரையில் முறத்தை வைத்து, அப்படியே கவிழ்த்தார்.

மேலே இருந்த மாவு பொலபொலவென்று விழுந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அக்கா டிரம்மின் அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு பெரிய அடை போலக் கெட்டியாக, பழுப்பு நிறத்தில், முழுக்கக் கூடு கட்டி, புழுவும் வண்டுமாக ஒன்று முறத்தில் விழுந்தது. வாடை மூக்கைத் துளைத்தது.

“இதையெல்லாம் அடியில வெச்சிக்கிட்டா மேல புது மாவு கொட்டினீங்க?” என்று கத்தினேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். “நீங்கதானே சார் தொடைக்க வேணாம்னு சொன்னீங்கோ” என்றார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். அக்கா டிரம்மைக் கவிழ்த்துத் துடைக்கப் போனார். எங்கள் வீட்டில் அரிசி டின்னை அம்மா ஒருநாளும் துடைத்துக் காலியாக வைத்ததில்லை. அடி தெரிவதற்கு முன்பே மேலே கொட்டிவிடுவார். அந்தப் பழக்கத்தில், “வெள்ளிக்கிழமையும் அதுவுமா டிரம்மைக் கவுக்கறீங்களே! அடியில எப்பவும் நாலு விரல் மாவாவது இருக்கணும்” என்று நான்தான் தடுத்திருந்தேன். அவர் அன்றிலிருந்து அதை ஒருநாள்கூட மீறவில்லை.

மூட்டைக்கு மூட்டை தேதி எழுதிய எனக்கு, டிரம்மின் அடியில் நான் சேர்ந்த வாரத்து மாவு கிடக்கிறது என்று தெரியவில்லை. ஒவ்வொரு வாரமும் நல்ல மாவை அதன் தலையில் கொட்டிக்கொண்டிருந்தோம். அவர் சொல்ல வந்ததும் அதைத்தான்.

அக்கா முறத்தை என் காலடியில் வைத்துவிட்டு, டிரம்மைக் கழுவக் குழாயடிக்கு உருட்டிக்கொண்டு போய்விட்டார். அதைக் குப்பையில் கொட்டிவிட்டால் விஷயம் முடிந்தது. மாலைக்குள் அவரும் போய்விடுவார். ஒரு நிமிஷம் அப்படியும் நினைத்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த முறத்தை விட்டு நகரக் கால் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய் பாயின் மேஜைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

பாய் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க வீட்லயும் அரிசி டப்பாவைத் துடைக்க மாட்டாங்க, பரக்கத், அதான் வீட்டுச் செழிப்பு, போயிடும்னு சொல்வாங்க. அதுக்காக உன்னைத் திட்ட மாட்டேன்” என்றவர், “அப்ப இன்னிக்கு யாரு கிளம்பணும்?” என்று கேட்டார்.

அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். ஈரக் கையோடு வந்து நின்றவரிடம், “நீ திங்கக்கிழமை வந்துடும்மா. இவரை என்ன பண்ணலாம், நீயே சொல்லு” என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அவர வுடுங்க பாய். இன்னொரு டிரம்மு வாங்கிக் குடுங்கோ. ஒண்ணு ரொம்பி கீறப்போ இன்னொண்ண கவுத்துத் தொடச்சா இன்னா தப்பு? வூடு காலியாவா பூடும்?” என்றார் அக்கா. சொல்லிவிட்டு மறுபடி குழாயடிக்குப் போனார்.

இரண்டாவது டிரம் வந்தது. ஒன்று தீர்ந்து, கழுவி, வெயிலில் காயும்வரை மற்றதிலிருந்து மாவு எடுப்போம். அதன் பிறகு வண்டு வரவில்லை. மாட்டுக்காரர் மட்டும் சில வாரம் வெறும் சைக்கிளோடு வந்து, “ஒண்ணும் கெடலியா சார்?” என்று வருத்தமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அங்கே இன்னும் மூன்று வருடம் வேலை பார்த்தேன். அக்கா அந்த விஷயத்தை ஒருநாளும் எடுக்கவில்லை. நானும் அவரிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இப்போது எங்கள் வீட்டில் அரிசிக்கு இரண்டு டின் இருக்கிறது. ஒன்றைக் கவிழ்த்துத் துடைக்கும்போதெல்லாம், “அடியில பழசு...” என்று அவர் தொடங்கிய அந்த வாக்கியத்தை அன்றைக்கு முடிக்க விட்டிருந்தால் என்ன என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.