பின்பக்க றப்பர் இரண்டும்

என் அண்ணன் என் படகைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னார். அதற்காக அவரை மாதக்கணக்கில் ஒதுக்கி வைத்தேன். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை.

படகு பழையது. கல்குடாவில் ஒருவரிடம் வாங்கி, வாழைச்சேனைத் துறையில் கட்டித் தொழில் செய்கிறேன். மாசியில் ஒரு நாள் துறைக்கு வந்த அண்ணன், நாலு பேர் நிற்க, இஞ்சின் மூடியில் கையை வைத்து, "இதைக் கிழட்டுப் போட் எண்டு ஆர் சொல்லுவான்? சத்தமே இல்லாம ஓடுதே தம்பி" என்றார். இஞ்சின் வேலை செய்து சாப்பிடுகிறவர் அவர். மனதில் பட்டதைச் சொன்னார்.

அடுத்த கிழமையே படகு உதறத் தொடங்கியது. பின்பக்கம் கிடுகிடுவென்று ஆடும், சுக்கான் பிடித்த கை மரத்துப்போகும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று மனைவி ஒரு தரம்தான் சொன்னாள். மிச்சத்தை நானே சொல்லிக்கொண்டேன். அண்ணனுடைய நாவூறுதான் என்று முடிவு கட்டி, தேசிக்காயும் கொச்சிக்காயும் கோத்து இஞ்சினுக்கு மேலே தொங்கவிட்டேன். சித்திரை வருசப்பிறப்பன்று முதல் கைவிசேடக் காசை எப்போதும் அவர் கையால்தான் வாங்குவேன். இந்த வருசம் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். மத்தியானம் அவர் கொத்தமல்லி அவித்துப் பிளாஸ்கில் கொண்டு வந்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போன மாதம் கடலால் திரும்பும்போது உதறல் கூடி, அடியில் இரும்போடு இரும்பு இடிக்கும் சத்தம் கேட்டது. மெல்ல மெல்ல ஓட்டி வந்து கட்டினேன். அண்ணன் வீடு துறையை ஒட்டிய வாவிக்கரையில். சத்தத்தைக் கேட்டு ஸ்பெனர்ப் பையோடு வந்து நின்றார்.

"ஏறட்டா?" என்றார்.

என் படகில் ஏற அவர் இதற்கு முன் கேட்டதில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. ஓம் என்றேன்.

டோர்ச் அடித்துப் பார்த்தார். "இஞ்சினைத் தாங்கிற பின்பக்க றப்பர் ரெண்டும் செத்திரிக்கு. டீசல் சொட்டி ஊறிப் பிஞ்சிரிக்கு."

அந்த டீசல் குழாய் ஒழுகுவது எனக்குத் தெரியும். பழந்துணி சுற்றி விட்டவன் நான்தான், அண்ணன் வாய் திறப்பதற்கு எவ்வளவோ முன்னால். ஒரு சதத்து அலட்சியத்தைச் செய்துவிட்டு, பழியைக் கொண்டுபோய்க் கூடப்பிறந்தவரின் நாக்கில் வைத்திருக்கிறேன்.

புது றப்பர் வாங்கி வந்ததும், படகைக் கரையில் ஏற்றவா என்று கேட்டேன்.

"தண்ணிக்குள்ள இரிக்கக்குள்ளதான் பாக்கணும். மேல ஏத்தினா அளவு மாறிப் போகும்."

ஜக் வைத்து இஞ்சினின் பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, பழசைக் கழற்றிப் புதிதை வைத்தார். பிறகு கியர்பெட்டியும் விசிறியைச் சுழற்றும் தண்டும் சேரும் இடத்தில் மெல்லிய தகட்டை நுழைத்து இடைவெளியை அளந்து பார்த்து, தட்டித் தட்டி நேராக்கினார். பாதி உடம்பு எண்ணெய்த் தண்ணீருக்குள். தலையை நிமிர்த்தும் போதெல்லாம் அந்தத் தேசிக்காய் நெற்றியில் முட்டியது. புறங்கையால் விலக்கிவிட்டு மறுபடி குனிந்தார். அறுத்து எறியத்தான் கை துடித்தது. அறுத்தால் எதற்குக் கட்டினேன் என்று சொல்ல வேண்டி வரும். வெட்கங்கெட்டவன், பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் இஞ்சினை ஓடவிட்டோம். அவருக்கென்று ஊற்றிய பிளேன்ரீயை இஞ்சின் மூடியின் மேல் வைத்தேன். கோப்பைக்குள் தேத்தண்ணி அசையவில்லை.

"எப்படி ஓடுது அண்ணன்?" என்று கேட்டேன். முன்பு சொன்ன அதே வார்த்தையை இன்னொரு தரம் சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது.

கோப்பையைப் பார்த்தார். முகம் மலர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மூடிக்கொண்டார்.

"நான் ஒண்டும் சொல்ல மாட்டன் தம்பி" என்று ஸ்பெனர்களைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.