அப்பா வாங்கிய மார்க்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதம், பென்னாகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கடலைக்காட்டில் இது நடந்தது. பெங்களூரு வேலைக்கு நான்கு நாள் விடுப்பு போட்டுவிட்டு, செடி பிடுங்க வந்திருந்தேன். நான் பிடுங்கிய லட்சணத்துக்கு, பின்னால் வந்த அம்மா மண்ணுக்குள் நின்றுபோன காய்களைக் கொத்தி எடுத்துக்கொண்டே வந்தார்.

என் மனசு கடலையில் இல்லை. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதிக் கோட்டைவிட்டு, மூன்றாவது முறை நல்ல மார்க் வாங்கியிருந்தேன். தேர்வு நடத்துகிறவர்களே அந்த மார்க்கைக் கல்லூரிக்கு நேராக அனுப்பிவிடுவார்கள். அனுப்பியாச்சு என்று அவர்கள் சொன்னார்கள். கல்லூரியின் இணையப் பக்கமோ பத்து நாளாக ‘வரவில்லை’ என்றே காட்டியது. அன்றைக்கு மதியத்தோடு கெடு முடிகிறது. என்னை யாருமே கண்டுகொள்வதில்லை என்று புலம்பி, கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவரின் பரம்பரையையே திட்டிக்கொண்டு செடி பிடுங்கினேன்.

பத்து மணிக்கு ஒரு போன். ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர்தானா என்று கேட்டது. அப்பாவின் சமையல் கேஸ், வங்கி, பயிர்க் காப்பீடு எல்லாவற்றுக்கும் என் நம்பர்தான். தினமும் யாராவது அவருக்குக் கடன் கொடுக்கத் துடிப்பார்கள். “அவர் ஆடு மேய்க்கப் போயிருக்கிறார், லோன் வேண்டாம்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி வைத்துவிட்டேன். அரை மணி கழித்து அதே குரல், அதே பெயர். “அவருக்கு வேண்டியது மழை மட்டும்தான், உங்களிடம் இருக்கிறதா?” என்று கேட்டு வைத்தேன். என் நகைச்சுவையை நானே மெச்சிக்கொண்டேன். போனை வைப்பதற்குள் தமிழில் ஒரு வசவும் வாயில் வந்துவிட்டது.

மூன்றாவது முறை தமிழிலேயே வந்தது. “சார், மொதல்ல போனை வெக்காதீங்க. நானும் கிருஷ்ணகிரிப் பக்கந்தாங்க, நீங்க திட்டுனது நல்லாவே புரிஞ்சுது. காலேஜ் அட்மிஷன் ஆபீஸ்ல இருந்து பேசறேன்.”

என் கையிலிருந்த செடி கீழே விழுந்தது.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுபடாது என்பதால், குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் அப்பாவின் பெயர் ஏறியிருந்தது. தேர்வுக்கும் அப்படியே பதிந்தேன். கல்லூரி விண்ணப்பத்தில் மட்டும், பள்ளிக்கூடப் பழக்கத்தில், என் பெயரோடு ஒற்றை எழுத்து இனிஷியல். மார்க் போய்ச் சேர்ந்துவிட்டது, அப்பாவின் பெயரில்; அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அது யாருடையது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

“உங்கப்பா நல்ல மார்க் வாங்கியிருக்காருங்க,” என்று சிரித்தார் அவர். “பாஸ்போர்ட்டை ஒரு போட்டோ எடுங்க. ரெண்டு பேரும் ஒரே ஆளோட பேருதான்னு ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே மெயில் பண்ணுங்க. ஒன்றரைக்கு லிஸ்ட்டை மூடிருவாங்க.”

வீட்டுக்கு வரப்பில் ஓடினேன் என்பதைவிட விழுந்து விழுந்து போனேன் என்பதே சரி. கடிதத்தில் கையெழுத்தைவிடச் செம்மண் கைரேகை பெரிதாக இருந்தது. அதற்குள் ஆடுகளோடு வந்துவிட்ட அப்பா எட்டிப் பார்த்தார்.

“எம் பேர்ல என்னடா வாங்கின?”

“மார்க்குப்பா.”

“பாத்தியா, நான் படிக்காமயே வாங்கிட்டேன். நீ மூணு தடவ எழுதின.”

ஒன்றேகாலுக்கு ‘வந்துவிட்டது’ என்று இணையப் பக்கம் மாறியது. அந்தச் சேர்க்கையிலேயே இடம் கிடைத்துச் சேர்ந்தேன். சேர்ந்த அன்று ஒரு பை வறுத்த கடலையோடு, போனில் பேசிய அந்தப் பெண்ணைத் தேடிப் போய், அவ்வளவு திட்டியும் ஏன் மறுபடி கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

“ஒரு பக்கம் மார்க் இல்லாத விண்ணப்பம், இன்னொரு பக்கம் விண்ணப்பம் இல்லாத மார்க்கு. ரெண்டும் பென்னாகரம். வுட்டுட்டுப் போக மனசு வரலீங்க,” என்றார், கடலையை உரித்துக்கொண்டே.

என்னை யாருமே கண்டுகொள்ளவில்லை என்று நான் புலம்பிய அந்தக் காலையில்தான், முகம் தெரியாத ஒருவர் என்னைத் தேடித் தேடிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது; அதனால் இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும், கடன் கொடுக்க வருகிறவராகவே இருந்தாலும், அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை போனை வைப்பதில்லை.