இன்னொரு கால் வராத கம்ப்யூட்டர்

“1999, ஆகஸ்ட். கம்ப்யூட்டர் வந்தது. பாதிதான்.”

என் நாட்குறிப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறது. எதையும் மாதம், வருஷத்தோடு குறித்துவைப்பது என் வழக்கம். இந்த வரியில் கடைசிச் சொல் மட்டும் சரியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தேன். தினமும் வேலூரிலிருந்து பஸ். கம்பெனியில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் உண்டு. கீழே சாம்பல் நிறத் தகரப் பெட்டி, அதைத்தான் சிபியு என்போம், அதன்மேல் மானிட்டர். இரண்டுக்கும் துணி உறை தைத்துப் போட்டிருந்தார்கள். அந்த ஏசி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். நாள் முழுக்க ஷூ தைக்கிற இடத்தில் எல்லோரும் வெறுங்காலோடு நுழைந்தது அந்த ஓர் அறைக்குள்தான்.

ஜெர்மனியிலிருந்து எங்களிடம் சரக்கு எடுத்த வியாபாரி, டிசைன்களைத் திரையில் பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று, தான் பயன்படுத்திய கம்ப்யூட்டர் ஒன்றைச் சும்மாவே அனுப்பிவைத்தார். ஸ்டோர் பொறுப்பாளரான பாய்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி, அட்டைப் பெட்டியைப் பிரித்தார். உள்ளே பின்பக்கம் புடைத்த, பச்சையும் நீலமுமாக உள்ளே இருப்பது மங்கலாகத் தெரிகிற பிளாஸ்டிக்கில் ஒரு மானிட்டர். தூக்குவதற்கு மேலே ஒரு கைப்பிடி. கூடவே கீபோர்டு, மவுஸ். சிபியு இல்லை.

முதலில் யாரும் பதறவில்லை. அதற்குக் காரணம் எங்கள் தொழில். சாம்பிள் அனுப்பும்போது நாங்கள் ஒரு காலுக்கு மட்டும்தான் ஷூ அனுப்புவோம். ஜோடியாகக் கேட்டால் இடது கால் ஒரு பார்சலில், வலது கால் வேறொரு பார்சலில் போகும். வழியில் யார் எடுத்தாலும் போட்டுக்கொள்ள முடியாது. அந்த வியாபாரியும் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பார், மற்றக் கால் பின்னால் வரும் என்று சாம்பிள் அறையில் பேசிக்கொண்டார்கள். நானும் அதை நம்பித்தான் ‘பாதி’ என்று எழுதினேன்.

தீபாவளி வந்துபோயிற்று. மற்றக் கால் வரவில்லை.

“சும்மா குடுத்தவர்கிட்ட மிச்சம் எங்கன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கினு கேக்கறது?” என்றார் மேனேஜர். வியாபாரியிடம் கேட்காமல் பாயிடம் கேட்டார். பெட்டியைத் தனியாகப் பிரித்தது யார்? ஸ்டோர் சாவி யாரிடம் இருக்கிறது? கடைசியில் ஒரு மெமோ கொடுத்துவிட்டார். சிபியு காணாமல் போனதற்கு எழுத்து மூலம் விளக்கம் தராவிட்டால் வேலைநீக்கம்.

பாய் மெமோவோடு என் மேஜைக்கு வந்தார். இங்கிலீஷில் பதில் எழுதுவது என் வேலை.

“இன்னா தம்பி எழுதப் போற?”

“தெரியல பாய். நீங்கதான் சொல்லணும்.”

“ஒரு கால்தான் வந்துச்சுன்னு எழுது. இவ்ளோ வருஷம் இந்த ஸ்டோர்ல ஒரு பக்கிள் கம்மியானது இல்ல. நான் போயி அந்தப் பெட்டிய எடுத்து இன்னா பண்ணுவேன்? பிரியாணி ஆக்கவா?”

சிரித்துக்கொண்டே மெமோவை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அடுத்த மாதம் அவர் மகளுக்கு நிக்காஹ். சம்பந்தி வீடும் ஆம்பூரில்தான்; சேதி அங்கே போக ஒரு நாள் போதும்.

வந்த பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று பதிலில் எழுத வேண்டும் என்றேன். இருவரும் ஸ்டோருக்குப் போனோம். மானிட்டராவது எரிகிறதா பார்ப்போம் என்று, பக்கத்திலிருந்த தையல் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இதன் ஒயரைச் செருகினார் பாய். முன்பக்கம் இருந்த வட்டப் பொத்தானை அழுத்தினார். ஆர்மோனியத்தில் நாலைந்து கட்டைகளைச் சேர்த்து அமுக்கினாற்போல ஒரு சத்தம் வந்தது. பாய் இரண்டடி பின்னால் போனார். திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. மவுஸை நகர்த்தினேன். அம்பு நகர்ந்தது.

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார். அம்பு நகர்வதைப் பார்த்தார். பிறகு குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.

“சரி, சிபியு எங்க?”

“உள்ளயே இருக்குது போல சார்” என்றேன்.

“உள்ள இருந்தா சூடு எப்படிய்யா வெளிய போவும்?”

பாய் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்த ஓட்டைகளின்மேல் உள்ளங்கையை வைத்தார். “இப்படித்தான் போவுது சார்.”

மேனேஜரும் அங்கே கையை வைத்துப் பார்த்தார். பிறகு, “விடு பாய், பேஜாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் எனக்குத் தெளியவில்லை. 2003 வாக்கில் அதே வியாபாரி வேறொன்று அனுப்பினார். பாதி கோளம் மாதிரி வெள்ளை அடிப்பாகம், அதிலிருந்து வளையும் கம்பி, கம்பியின் நுனியில் தட்டைத் திரை. இந்த முறை நான் முந்திக்கொண்டு, எல்லாம் திரைக்குள்தான் இருக்கிறது, கீழே இருப்பது வெறும் ஸ்டாண்டு என்று எல்லோருக்கும் விளக்கினேன். அதுவும் தப்பு.

“இதுக்கு மூளை கால்ல இருக்குது தம்பி” என்றார் பாய்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து வந்ததில் அந்தக் கோளமும் இல்லை. ஒரு தட்டை வெள்ளைப் பலகை, கீழே வளைத்த தகடு. அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் யாருக்கும் விளக்கவில்லை. பிறகு ஒரு பத்திரிகையில் படித்தேன்: எல்லாம் ஒரே உடம்பில் இருக்கிற கம்ப்யூட்டர்கள் எண்பதுகளிலேயே இருந்தனவாம். அப்படியானால் நாங்கள் துணி உறை போட்டுக் காத்த தகரப் பெட்டி பழையதா, அந்தப் பச்சை நீலப் பானை புதியதா, எது எதற்கு முந்தியது என்று வரிசைப்படுத்த உட்கார்ந்து, நாட்குறிப்பில் இரண்டு முறை அடித்துத் திருத்தியிருக்கிறேன்.

2007இல் பாய் ஓய்வு பெற்றார். மாலை போட்ட அன்று, கேட் வரைக்கும் அவரோடு நடந்தேன்.

“அந்த மெமோவ என் ஃபைல்லருந்து எடுத்துட்டாங்களா தம்பி?”

அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு மேனேஜரிடம் போய்க் கேட்டேன். அன்றைக்கே கிழித்துவிட்டதாகச் சொன்னார். ஃபைல்களை வைத்திருக்கிற பிரிவில் கேட்டேன். பழையவை எல்லாம் சென்னைக்குப் போய்விட்டன, அதில் இருந்தாலும் இருக்கும் என்றார்கள். மேனேஜர் சொன்னதை மட்டும் பாயிடம் சொன்னேன். கிழித்ததை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. சிபியுவைத் தொலைத்தவர் என்று அவர் பெயர் இன்னும் எங்காவது ஒரு காகிதத்தில் இருக்கிறதா என்பது, இதை எழுதும்வரை சரிபார்க்கப்படவில்லை.