எந்த அடியையும் தாங்கும் உருவம்

தையல்காரியின் மெஷின் அடுப்படியில்தான் கிடந்தது. "துணியில வெங்காய வாடை அடிக்குதே" என்று யாராவது முகம் சுளித்தால் அவளுக்குக் கணவர் மேல்தான் எரிச்சல் வரும். அவர் தபால் பிரிக்கும் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக வீட்டிலிருந்த ஒரே உபரி அறைக்குள் புகுந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். வேறொருத்தி என்றாலாவது சண்டை போடலாம். கட்டங்களோடு என்ன சண்டை போடுவது?

ஆமாம், திரை முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டங்கள். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள எட்டையும் பார்த்து, அடுத்த நொடி கறுப்பாவதா வெள்ளையாவதா என்று முடிவு செய்யும். அதில் அடிபட்டால் தானே பழையபடி ஆகிவிடும் உருவம் ஒன்றை அவர் தேடிக்கொண்டிருந்தார். இதுவரை போட்டுப் பார்த்ததில் எல்லாம், ஒரு கறுப்புப் புள்ளியை அழித்தால் போதும், மொத்தமும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த கூத்து. மகள் வேலைக்கே போய்விட்டாள்.

"அது மட்டும் கெடைச்சுட்டா ரூமை உனக்கே விட்டுடறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டார். திரையில் நண்டு மாதிரி ஓர் உருவம். ஒரு புள்ளியை அழித்தார். நண்டு கொஞ்சம் நெளிந்து, பழையபடி நின்றது.

"எந்தப் புள்ளியை எடுத்தாலும் நிக்குது. எல்லாத்தையும் எடுத்துப் பாத்துட்டேன்."

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஜன்னலோரம் மெஷின், சுவரோரம் துணி வெட்டும் மேஜை என்று மனசுக்குள் போட்டே விட்டாள்.

"நீயும் ஒண்ணை அழிச்சுப் பாரேன்."

மௌஸ் பழகாத கை. நண்டை விட்டு ஒரு கட்டம் தள்ளி அமுக்கிவிட்டாள். அங்கே புதிதாக ஒரு புள்ளி கறுத்தது. நண்டின் கால்கள் மடங்கின, உடம்பு கலைந்தது, திரை வெறுமையானது.

"நான் எதையும் எடுக்கலைங்க. பக்கத்துல ஒண்ணு கூடிப்போச்சு, அவ்வளவுதான்."

அடி என்றால் எடுப்பது என்றே அவர் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். கூட்டிப் பார்க்கத் தோன்றவே இல்லை. அவளுக்குத் தன் விரல் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"மறுபடி கொண்டாங்க. இந்தத் தடவை சரியாத் தொடறேன்."

"அதான் நிக்காதுன்னு தெரிஞ்சுபோச்சே" என்றார். ஆனால் குரலில் வருத்தத்தைக் காணோம். எழுந்து போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்து தன் பக்கத்தில் போட்டார்.

"தினமும் சாயங்காலம் இப்படி வந்து உக்காரு. உன்னை மாதிரி கெடுக்க எனக்கு வராது."

அந்த அறையில் கடைசியில் அவளுக்குக் கிடைத்தது அந்த நாற்காலிதான்.