சுகிர்தாவுக்கு வந்த ஓவன்

சுகிர்தாவுக்கு வேலை கிடைத்த வாரத்திலேயே, அவள் கேட்காத ஓவனும் வீட்டில் வந்து இறங்கியது.

அம்பாசமுத்திரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர் வேலை. பி.எட். முடித்துவிட்டுப் பல வருஷம் வீட்டோடு கிடந்தவளுக்கு எப்படியோ வாய்த்த வாய்ப்பு. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். போகக்கூடாது என்று அந்த மகாராஜ நகர் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

மாமனார் ஆவுடைநாயகம் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தாமலே காரியம் சாதிக்கிற ஆள். "பஸ்ல கெடந்து எதுக்கும்மா அலையணும்? நீ நல்லா கேக் போடுவியாமே. வீட்டுல இருந்தே போட்டு வித்தா யாரு கேக்கப் போறா?" என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால், சிநேகிதி டார்லின் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு அவள் கேக் போட்ட கதையை அவர் காதில் ஊதியது, பேங்கில் வேலை பார்க்கும் அவள் கணவன் மகேஷ். பெண்டாட்டி எந்தக் காலத்திலோ சொன்னதை வேண்டாத நேரத்தில் மட்டும் சரியாக ஞாபகம் வைத்திருக்கும் புருஷர்கள் நம் ஊரில் ஏராளம்.

சமையலறை அலமாரிக்குள் பதித்து வைக்கிற ஓவன் அது. பேட்டையிலிருந்து எலெக்ட்ரீஷியன் பீர் முகம்மது வந்தார். அது இழுக்கிற கரண்டைப் பழைய வயர் தாங்காது என்று, மெயின் போர்டிலிருந்து தனி லைன் கொண்டுவரச் சுவரை வெட்ட ஆரம்பித்தார். வீடெல்லாம் தூசி பறந்தது. சுகிர்தா பார்த்துக்கொண்டே நின்றாள். நாற்காலி, மேஜை என்றால் என்றைக்காவது தூக்கி வெளியே போடலாம். இது சுவருக்குள்ளேயே போகிறது.

"யக்கா, ஓவனுக்குப் பின்னால பிளக் வச்சா பொட்டி உள்ள உக்காராது. பக்கத்து அலமாரிக்குள்ள வைக்கேன். சுவிட்சு ஒங்க கைக்கு எங்கன வேணும்?"

வேலை கிடைத்ததிலிருந்து, எது வேண்டும் என்று அவளிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். "எங்கன வச்சாலும் சரிதான் பாய்" என்றாள்.

பீர் முகம்மது சுவரில் பென்சிலால் கோடு போட்டார். பிறகு, "முட்டை அடிக்க மிசினு வாங்குவியள்லா? அதுக்கும் மேடைக்கு மேல ஒரு பிளக் வச்சிருதேன்" என்றார்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆவுடைநாயகம், மகேஷ் பின்னாலேயே வர, விசுக்கென்று எழுந்து வந்தார். "என்னது, முட்டையா?"

"கேக்குன்னா முட்டை போடணும்லா அண்ணாச்சி."

வெள்ளிக்கிழமை வெங்காயம்கூட உரிக்காத சைவ வீடு அது. கேக் விற்க ஓவன் வாங்கிய அப்பாவும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாசில்தார் மூளையும் பேங்க் மூளையும் சேர்ந்து போட்ட திட்டத்தில் முட்டை மட்டும் விட்டுப்போயிருந்தது. சுகிர்தாவுக்குக் குப்பென்று ஒரு சந்தோஷம் பொங்கியது. ஓவன் திரும்பிப் போய்விடும், அவள் பஸ் ஏறிவிடலாம். முதல் நாள் எந்தச் சேலை என்பது வரை மனசு ஓடிவிட்டது.

"அதனால என்னப்பா?" என்றான் மகேஷ். "முட்டைக்குப் பதிலா தயிர் ஊத்திப் போடட்டும். சைவக் கேக்குன்னா நம்ம சனமே தேடி வந்து வாங்கும்லா."

"அதான பாத்தேன்" என்றார் ஆவுடைநாயகம். "பாய், நீரு வேலையப் பாரும்."

வேலை முடிந்தது. ஓவனுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மருமகள் கையாலேயே சுவிட்சைப் போடச் சொன்னார்கள். போட்டாள். உள்ளே மஞ்சளாக விளக்கு எரிந்தது. சூட்டோடு சூடாக மகேஷ் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்தான். "வேலைக்கு வரலன்னு ஹெச்.எம்.கிட்ட நீயே சொல்லிரு. அதான் மரியாதை."

"என்னம்மா, திங்கட்கிழமை வந்துருவேல்லா?" என்றார் தலைமையாசிரியை எலிசபெத்.

"இல்ல டீச்சர்... வீட்ல கரண்டு வேலை நடக்கு."

"அது இன்னைக்கே முடிஞ்சிருமே. திங்கட்கிழமைக்கு என்ன?"

சுகிர்தா ஓவனுக்குள் எரிந்த மஞ்சள் விளக்கைப் பார்த்தாள். மாமனாரும் புருஷனும் சிரித்த முகமாகப் பக்கத்திலேயே நின்றார்கள். அவள் கையிலிருந்து மகேஷ் மெல்லப் போனை வாங்கிக்கொண்டான்.

"மன்னிக்கணும் டீச்சர். நாங்க போகத்தான் சொன்னோம். அவளுக்குத்தான் இஷ்டமில்ல."