அம்மன் பெற்ற பச்சைப் புழுக்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் முதல் மாலை என் வாசல் நந்தியாவட்டைப் பூவில் கட்டியதுதான். பசறை டவுன் கடையில் வாங்குகிற மாலையெல்லாம் அதற்குப் பிறகுதான் ஏறும். இதை நானாகச் சொல்லவில்லை, பூசாரியே சொல்லுவார். நானும் சொல்லுவேன்.

போன திருவிழாவுக்கு முன்னால், ஒருநாள் விடிய எழும்பிக் கதவைத் திறந்தால், சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அந்துப்பூச்சி. உடம்பெல்லாம் பச்சை, ஊடே ரோசாக் கோடு, அச்சு அசல் பட்டுச்சேலை. "அம்மன்தான் சேலை கட்டி வந்திருக்கா" என்று சுவரில் குங்குமம் வைத்தேன். லயத்து வரிசை வீட்டுச் சனமே வந்து பார்த்தது. ஒருத்தரையும் அதை விரட்ட விடவில்லை. பொழுது சாய்ந்ததும் அது எழும்பி நந்தியாவட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தது. தன் பூவைத் தானே பார்க்கிறாளாக்கும் என்று எனக்கு ஒரே பெருமை.

காப்புக் கட்டின மறுநாள் பார்க்கிறேன், செடியில் பாதி இலையைக் காணோம். மொட்டும் போய்க்கொண்டிருக்கிறது. கீழே கறுப்புக் கறுப்பாகப் புழுக்கை. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி எனக்கு மதினி முறை. ஆடு வளர்க்கிறாள்.

"மதினி! உங்க ஆடு அம்மன் மாலையைத் தின்னுருச்சு!"

"என் ஆடா? பால் வடியிற செடியில வாய் வைக்க அதுக்கென்ன பைத்தியமா? நீங்க போடுற சோத்தையே அது மோந்து பாத்துட்டுத்தான் திங்கும்."

"அப்ப இந்தப் புழுக்கை யாரு போட்டது? தோட்டத்துத் தொரையா?"

மதினி குந்தி உட்கார்ந்து குச்சியால் கிளறினாள். "ஆட்டுப் புழுக்கை வழவழன்னு இருக்கும். இது வரிவரியா இருக்கு. மேல பாருங்க."

பார்த்தேன். விரல் தண்டிக்குப் பச்சைப் புழுக்கள். ஒன்று கழுத்தில் இரண்டு நீலக் கண்ணோடு என்னையே முறைத்தது. நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன்.

"அது கண்ணில்ல, வெறும் புள்ளி. வருசா வருசம் எங்க அரளிக்கு வர்றதுதான். சருகுக்குள்ள போய்க் கிடந்து, பொறகு பச்சைப் பூச்சியா வெளிய வரும்."

"என்ன பச்சை?"

"நீங்க குங்குமம் வச்சீங்களே, அந்தப் பச்சை. உங்க அம்மன் போட்ட முட்டைதான் இதெல்லாம்."

நான் விளக்குமாற்றை எடுத்தேன்.

"அடிங்க, அடிங்க! காப்புக் கட்டியிருக்கு. அம்மன் பெத்த புள்ளைங்க வேற. லயமே பாக்கட்டும்."

விளக்குமாற்றை வைத்துவிட்டேன். அடித்தால் லயத்தில் தலை காட்ட முடியாது. விட்டால் மாலைக்கு ஒரு மொட்டும் மிஞ்சாது, முதல் மாலை வேறு யார் வீட்டுக்கோ போய்விடும்.

மதினி சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "என் அரளிக்குக் கொண்டாங்க. கக்கூசுக்குப் பின்னால நிக்குது, சாமிக்கு யாரும் பறிக்கிறதில்ல. ஆனா மொதல்ல என் ஆட்டுக்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுருங்க."

ஆட்டிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பலாக் கொப்பு ஒன்று ஒடித்துப் போட்டேன். ஆட்டுக்கு அது போதும், மதினிக்குத்தான் போதவில்லை. பிறகு புழு இருந்த கொப்பையெல்லாம் கிள்ளிக் கொழுந்துக் கூடையில் போட்டு, அரளியில் கொண்டுபோய் விட்டேன்.

மிஞ்சின மொட்டில் கட்டிய மாலை அம்மன் நெஞ்சு வரைக்கும்தான் வந்தது. வழக்கமாகப் பாதத்தைத் தொடும்.

"என்னம்மா, மாலை கட்டையாப் போச்சு?" என்றார் பூசாரி.

எனக்குப் பின்னால் மதினி வாயைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"அம்மன் தன் புள்ளைங்களுக்குக் குடுத்தது போக நமக்கு விட்டது, சாமி" என்றேன்.

பூசாரி மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதையே முதலில் சாத்தினார். மதினி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கோயிலை விட்டு வெளியே ஓடினாள்.