அலமாரியில் இருக்கும் உசிரு

எங்கள் அலமாரியின் மேல்தட்டில், குழந்தையின் துணிகளுக்குப் பின்னால், ஒரு சின்ன வெள்ளைத் துணி முடிச்சு இருக்கிறது. அவிழ்த்தால் உள்ளே பெருவிரல் அளவில் பழுப்பு நிறக் கட்டை ஒன்று. அதன் தலையில் பித்தளைத் தகடு. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. அது உருக்கிப் பூசிய அரக்கு. கார் ஓட்டத் தெரிந்தவர்கள் அந்தச் சாமானை ரோட்டர் என்பார்கள். என்ஜினில் உண்டாகும் மின்சாரத்தைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கு வைத்துக் கொடுப்பது அதன் வேலை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மட்டும் அதற்கு உசிரு என்று பெயர்.

அந்தப் பெயர் வந்த கதை சாதாரணமானது. நான் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த வருடம், தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய தொரை புது வண்டி எடுத்துக்கொண்டு, பழைய கறுப்புக் காரை நோயாளிகளின் அவசரத்துக்கென்று விட்டுவைத்தார். என் வீட்டுக்காரர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்களுக்கு அடுத்த வீட்டில் அந்தக் காரின் டிரைவரும் அவருடைய பெண்சாதியும் இருந்தார்கள். சாவி தேய்ந்துபோய், கொண்டை ஊசியைவிட்டுத் திருப்பினால்கூட வண்டி கிளம்பும். ஒரு தீபாவளிக்குத் தொழிலாளர் லயத்து இளவட்டங்கள் அதைத் தலவாக்கலை டவுன் வரை ஓட்டிக்கொண்டு போய், திரும்பும்போது சாக்கடைக்குள் இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு, வண்டியை நிறுத்தியதும் ரோட்டரைக் கழற்றிவிட வேண்டும் என்று தொரை உத்தரவு போட்டார். டிரைவர் வீட்டுக் கூரை ஒழுகும். அதனால் அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“ஒங்க அலமாரில வச்சிருங்க மாஸ்டரம்மா. ஈரம் மட்டும் படக் கூடாதுங்க. இது இல்லேன்னா வண்டி வெறும் தகரம். இதுதாங்க அதோட உசிரு.”

அவர் சொன்னதை வாசலில் நின்ற யாரோ கேட்டுவிட்டார்கள். மறுநாள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடத்தோடு நின்றபோது பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். “எமன்கூட எடுத்த உசிர கையோட கொண்டு போயிருவான். நம்ம மாஸ்டரம்மா அலமாரில வச்சுல்ல பூட்டுறாங்க” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் நன்றாக இல்லை.

டிரைவருக்கு முப்பது வயதிருக்கும். அதிகம் பேச மாட்டார். எங்கள் பக்கத்துப் பனியில் பழைய வண்டிகள் காலையில் லேசில் கிளம்பாது. மற்ற டிரைவர்கள் ஒன்றுக்கு நான்காகக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியைத் திட்டுவார்கள். இவர் ஒரு நேரத்தில் ஒரு சாமானைத்தான் தொடுவார். அதைச் சரியென்று தெரிந்துகொண்டு திரும்ப மாட்டிய பிறகே அடுத்ததுக்குப் போவார். “கரண்டு எது வரைக்கும் வந்திருக்குன்னு மொதல்ல பாக்கணுங்க சார். எங்க வரலேன்னும் பாக்கணும். ரெண்டுக்கும் நடுவுலதான் சங்கதி இருக்கும்” என்று என் வீட்டுக்காரரிடம் சொல்வார். வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அவர் அதையே திருப்பிச் சொல்வதுண்டு.

ஒரு நாள் டிரைவர் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, பிளக் கம்பிகள் வந்து சேரும் கறுப்பு மூடியின் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். “தண்ணி பட்டாத் தொடச்சிரலாம் சார். கரிதான் மோசம். கரி ஒரு கோடு போட்டுச்சுன்னா கரண்டு பிளக்குக்குப் போவாம அந்தக் கோட்டு வழியா எறங்கிரும்” என்றார். நான் அதைக் கேட்டேன். அது எந்த மாதம் என்பதுதான் எனக்கு நிச்சயமில்லை. நான் அந்தத் தப்பைச் செய்வதற்கு முன்பா, பின்பா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். புடைத்தது புது அரிசி, ஆகவே மழைக்கு முன்புதான் என்று ஒரு சமயம் தோன்றும். இல்லை, கூப்பனுக்குக் கிடைக்கும் பழைய அரிசிதான் என்று இன்னொரு சமயம் தோன்றும்.

ஆனியில் தொடங்கிய மழை அந்த வருடம் ஓயவே இல்லை. அலமாரிக்குள் என் கூறைப்புடவையில் பூஞ்சணம் பிடித்தது. என் வீட்டுக்காரரின் சர்ட்டிபிக்கேட்டுகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஈரம் மட்டும் படக் கூடாது என்று டிரைவர் சொன்னது என் மனதில் அரித்துக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கத்தில் நனையக் கூடாத சாமானுக்கெல்லாம் ஒரே இடம்தான். அடுப்புக்கு மேலே அடித்திருக்கும் பலகை. தீப்பெட்டி, உப்பு, கருவாடு எல்லாம் அங்கேதான் இருக்கும். ரோட்டரையும் நான் அங்கே மாற்றினேன். சூடு நன்றாக ஏற வேண்டுமென்று துணியையும் அவிழ்த்துவிட்டேன். சாயங்காலம் அவர் கொடுத்ததும் பலகையில் வைப்பேன். காலையில் எடுத்து முந்தானையில் ஒரு துடை துடைத்துக் கொடுப்பேன். கையில் வாங்கும்போது அது வெதுவெதுப்பாக இருக்கும். எவ்வளவு பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று எனக்குள் ஒரு பெருமை. அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

டிரைவரின் பெண்சாதிக்கு அப்போது நிறைமாதம். என்னைவிட இரண்டு வயது சின்னவள். அக்கா, அக்கா என்று சுற்றிச் சுற்றி வருவாள். ஒரு நாள் விடியும் முன்பே அவளுக்கு வலி கண்டது. தோட்டத்து மருந்துக்காரரான டிஸ்பென்சர் வந்து பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன்னால் முடியாது, தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னார். டிரைவர் எங்கள் வாசலுக்கு ஓடிவந்தார். நான் பலகையிலிருந்து ரோட்டரை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனார். நாங்கள் அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்தோம். அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

வண்டி கிளம்பவில்லை. செல்ப் மோட்டார் நன்றாகச் சுற்றியது, என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தார். வெளிச்சம் குறையவில்லை, ஆகவே பேட்டரி சரி. பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. என் வீட்டுக்காரரை முன்னால் நிறுத்தி, “ஹேண்டில மெதுவாச் சுத்துங்க சார்” என்றார். பானெட் தூக்கியிருந்ததால் எனக்கு அவர் கைகள் மட்டுமே இடுக்கில் தெரிந்தன. ஒரு பிளக் கம்பியைக் கழற்றி என்ஜின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தார். பொறி இல்லை. காயிலிலிருந்து வரும் தடித்த கம்பியை எடுத்துப் பிடித்தார். டிக் என்று நீலமாய் ஒரு பொறி விழுந்தது. “இது வரைக்கும் வருது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஆட்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடித்தார்கள். அவள் என் கையை நகம் பதியப் பற்றிக்கொண்டு, “ஏக்கா, இன்னும் கெளம்பலயா” என்றாள். “இந்தா கெளம்பிரும்” என்றேன். அவர் மூடியைக் கழற்றித் துடைத்தார். என் வீட்டிலிருந்து துணியைச் சூடாக்கிக் கொண்டுவரச் சொல்லி, அதனால் மறுபடி துடைத்தார். மாட்டினார். கிளம்பவில்லை. மூடிக்குள் இருக்கும் சின்னக் கரித்துண்டு தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். நன்றாகவே இருந்தது. கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். அப்போதும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். பின்சீட்டில் அவள் அலறிக்கொண்டிருந்தாள். அந்தக் கைகள் அவசரப்படவே இல்லை. எனக்கு அதைப் பார்க்கக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால், அவர் அவசரப்பட்டிருந்தால் எதையும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

பெரட்டு கலைந்து, பெண்கள் கூடையோடு மலையேறிப் போனார்கள். போகிறவர்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நடந்தார்கள். கடைசியாக அவர் அந்தத் தடித்த கம்பியை ரோட்டரின் பித்தளைக்கு நேரே பிடித்து ஹேண்டிலைச் சுற்றச் சொன்னார். ரோட்டர் நல்லதாக இருந்தால் அங்கே பொறி விழக் கூடாதாம். விழுந்தது. “கட்டை கசியுது சார்” என்றார்.

கழற்றி, பானெட்டை விட்டு விலகி வந்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மயிரிழை போல ஒரு வெடிப்பும் அதற்குள் கறுப்பும் இருந்ததைப் பிறகுதான் நான் பார்த்தேன். அப்போது நான் பார்த்தது வேறு. அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். பிறகு நிமிர்ந்து, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அந்தக் கட்டையில் எங்கள் வீட்டு அடுப்புப் புகைதான் மணக்கும் என்று எனக்குத் தெரியாதா? “சார், ஸ்கூல்ல பார்சலுக்கு வைக்கிற அரக்கு இருக்கா?” என்றுதான் கேட்டார்.

என் வீட்டுக்காரர் ஓடினார். டிரைவர் பிளேடால் அந்தக் கரியைச் சுரண்டிச் சுரண்டி எடுத்து, பள்ளத்தில் அரக்கை உருக்கிவிட்டு, ஊதி ஆறவைத்து மாட்டினார். வண்டி முதல் சுற்றிலேயே பிடித்தது. ஆனால் அதற்குள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. என்னை இறக்கிவிட்டு, டிஸ்பென்சரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தபோது உயிர் இல்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம். எவ்வளவு முன்னால் என்று டிஸ்பென்சரிடம் விசாரிக்கும்படி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவளுக்கு இனிமேல் பிள்ளை இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் டிரைவர் மட்டும் திரும்பி வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு, வழக்கம்போல எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் ரோட்டர். அதை ஒரு சுத்தமான வெள்ளைத் துணியில் முடிந்திருந்தார். நான் கையை நீட்டினேனா, அவரே படியில் வைத்தாரா என்பது நினைவில்லை. சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

“இனி அலமாரிலயே வைங்க மாஸ்டரம்மா.”

அவ்வளவுதான். தொரை விசாரித்தபோது, பழைய சாமான், வெடித்துவிட்டது என்று சொன்னாராம். அதுவும் பொய்யில்லை. வெடிப்பு முதலிலேயே இருந்திருக்கலாம், கரி பிறகு புகுந்திருக்கலாம். அலமாரியிலேயே விட்டிருந்தால் ஈரத்தால் அதே காலையில் அதே கதி வந்திருக்கலாம். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவர் கரண்டைத் தேடிய மாதிரி நானும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனால், கடைசியில் என் அடுப்புப் பலகையில்தான் வந்து நிற்கிறேன். புது ரோட்டர் வந்தது, பழையது என் அலமாரியிலேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகும், தினமும் சாயங்காலம் அவர் என்னிடம்தான் புதியதைக் கொடுத்தார். ஒரு நாள்கூட வேறு வீட்டுக்குப் போகவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு வருடம் கழித்து எனக்கு மகன் பிறந்தான். அவனைக் குளிப்பாட்டியதெல்லாம் டிரைவரின் பெண்சாதிதான். “ஒங்க அடுப்படியிலதான்க்கா துணி நல்லாக் காயுது” என்று சொல்லி, அவனுடைய ஈரத்துணிகளை அந்தப் பலகைக்குக் கீழேதான் கொடி கட்டிப் போடுவாள். அவளுக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று நான் எத்தனையோ காலைகளில் வாயைத் திறந்து, “கொஞ்சம் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயேன்” என்று முடித்திருக்கிறேன்.

சென்ற மாதம் பாஸ்போர்ட் வந்து, அவர்கள் இலங்கையை விட்டு இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். தலவாக்கலை ஸ்டேசனில் அவள் என் மகனை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. ரயில் வந்ததும் டிரைவர்தான் அவனை வாங்கி என்னிடம் கொடுத்தார். “புள்ளைய ஈரத்துல விடாதீங்க மாஸ்டரம்மா” என்றார். யாரும் சொல்வதுதான். அவர் எதையும் மனதில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டார். அன்றும் அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை, அவளிடம் சொல்லவும் இல்லை. அவர்கள் போன ஊரின் விலாசமும் எங்களிடம் இல்லை. அந்தக் காரைத் தொரை இரும்புக்குப் போட்டுவிட்டார்.

மகனுக்கு இரவெல்லாம் மூச்சு சரியாக வருகிறதா என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன். அடுப்பில் புகை எழுந்தால் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறேன். வெளியே பனி. உள்ளே கொண்டுவருகிறேன். எது நல்லது என்று எனக்குத் தெரிவதில்லை.

இன்று காலை அவன் துணியை எடுக்கும்போது முடிச்சு கீழே விழுந்தது. அவன் தவழ்ந்து போய் ரோட்டரை எடுத்து வாயில் வைக்கப் போனான். பிடுங்கிக்கொண்டேன், அழுதான். மழை பிடித்துக்கொண்டிருந்தது, அலமாரிக்குள் மறுபடியும் பூஞ்சண வாடை. கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்து நின்றேன். பிறகு துடைத்து, முடிந்து, அலமாரியிலேயே வைத்தேன்.